உண்ணி எங்கிருந்து வந்தது?

(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைவர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். நான் டாக்டரும் இல்லை, கால்நடை மருத்துவரும் இல்லை. பி.காம். முடித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கணக்கு டேலி ஆகாதபோது என்ன செய்வது என்பது மட்டும் கொஞ்சம் தெரியும். அதை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

இரண்டு மாதமாக நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு உண்ணிதான். கார் நிறுத்துமிடத்துச் சுவரில் உண்ணி ஏறுகிறது. பி பிளாக் லிஃப்ட் அருகிலும் பார்த்தார்கள். இதற்கிடையில் சி பிளாக் சாருக்குக் காய்ச்சல் வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று சொன்னார்கள். அன்று இரவே தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் அம்மாதான் காரணம் என்று குழுவில் செய்தி வந்தது. மருந்து அடிக்கும் கம்பெனிக்காரர்களே கொண்டுவந்து விடுகிறார்கள் என்றும் ஒருவர் எழுதினார்.

முதலில் என் பழைய கதை ஒன்று. 1986. எங்கள் கிளையில் ஒருநாள் மாலை கேஷ் 5,400 ரூபாய் குறைந்தது. அன்றைக்கு அது பெரிய தொகை. பணப்பெட்டியை ஸ்ட்ராங் ரூமுக்குத் தூக்கிச் சென்றவர் பியூன். எல்லோர் கண்ணும் அவர்மேல் போனது. பையைத் திறந்து காட்டச் சொன்னோம். ‘சொன்னோம்’ என்பதில் நானும் உண்டு. அவர் காட்டினார். சாப்பாட்டு டப்பாவும் ஒரு துண்டும் இருந்தன.

மறுநாள் காலை மூத்த கிளார்க் ஒருவர் வந்து, “5,400ஐ ஒன்பதால் வகுத்துப் பாருங்கள்” என்றார். மீதி இல்லாமல் வகுபட்டது. அப்படி வந்தால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்பது பழைய கணக்கர்களின் வழி. வவுச்சர்களைப் புரட்டினோம். 7,150 ரூபாய் கொடுத்துவிட்டு 1,750 என்று எழுதியிருந்தோம். பணம் எங்கும் போகவில்லை. அதன்பிறகு அந்த மனிதர் எங்களோடு ஆறு வருடம் வேலை பார்த்தார். “டீ வேணுமா சார்” என்று அவராக வந்து கேட்டது மட்டும் நின்றுபோயிற்று.

இப்போது உண்ணிக்கு வருகிறேன். உண்ணி பெருகுவதும், யாரோ செய்துவிட்டார்கள் என்று ஊர் பேசுவதும் நமக்கு முன்பே நடந்திருக்கிறது. அதுவும் பக்கத்து மாநிலத்தில்.

1957ல், அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில், சொரபா தாலுகாவைச் சேர்ந்த கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. சுற்றுக் கிராமத்து மக்களுக்கும் கடும் காய்ச்சல். குரங்கு சாவதைப் பார்த்து, இந்தியாவில் அதுவரை இல்லாத மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டதோ என்று முதலில் பயந்தார்கள். புனேயிலிருந்து வைரஸ் ஆராய்ச்சி மையத்தினர் வந்து சோதித்தார்கள். உண்ணி மூலம் பரவும் வேறொரு வைரஸ் என்று தெரிந்தது. இன்றும் அங்கே அதற்குப் பெயர் ‘மங்கன காயிலெ’, அதாவது குரங்கு நோய்.

அந்த வைரஸ் ரஷ்யாவில் இருந்த ஒரு வைரஸின் உறவு. ஆகவே சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் கொண்டுவந்தனவா என்று ஆராய்ந்தார்கள். பறவைகளுக்கு வளையம் மாட்டும் வேலை நடந்தது. அதற்கு ஒரு கட்டத்தில் அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து பணம் வந்தது. விடுவார்களா? கிருமிப் போருக்கு ஒத்திகையா என்று 1970களில் பத்திரிகைகள் கேட்டன. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவும் 1975ல் இப்படிப்பட்ட வெளிநாட்டுக் கூட்டு ஆராய்ச்சிகளைப் பற்றி அறிக்கை கொடுத்தது. கேட்டதை நான் குறை சொல்லமாட்டேன். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது தணிக்கை, அது அவசியம்.

ஆனால் உண்ணி ஏன் பெருகியது என்பதற்கு அந்தக் காட்டிலேயே பதில் இருந்தது. அங்கே வேலை செய்த போஷெல் என்ற ஆராய்ச்சியாளர் 1969ல் அதை எழுதினார். காட்டை வெட்டி வயலாக்கினார்கள். மாடுகள் காட்டின் ஓரத்தில் மேய்ந்தன. மாட்டுக்கு இந்த நோய் வருவதில்லை. ஆனால் வளர்ந்த உண்ணிகள் அதன் ரத்தத்தைக் குடித்து ஏராளமாக முட்டையிட்டன. பிறகு 1982-83ல் பெல்தங்கடி தாலுகாவில் முந்திரித் தோட்டத்துக்காகக் காட்டை அழித்தபோது, ஆயிரம் பேருக்கு மேல் நோய் கண்டது.

அமெரிக்காவிலும் இதே கதை. 1975ல் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற ஊரில் குழந்தைகளுக்கு மூட்டுவீக்கம் வந்தது. உண்ணியிலிருந்த கிருமியைக் கண்டுபிடித்ததை 1982ல் வெளியிட்டார்கள். பக்கத்திலுள்ள பிளம் தீவில் அரசின் கால்நடை நோய் ஆய்வுக்கூடம் இருப்பதால், அங்கிருந்து தப்பியது என்று இன்றும் பேசுகிறார்கள். ராணுவம் உண்ணியை ஆயுதமாக்கியதா என்று விசாரிக்கச் சொல்லி 2019ல் அவர்களுடைய பிரதிநிதிகள் சபையே ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. தேதியைப் பாருங்கள். அந்த ஆய்வுக்கூடம் வந்தது 1954ல். 1940களில் பிடித்துப் பாதுகாத்து வைத்திருந்த உண்ணிகளிலேயே அந்தக் கிருமியின் தடயம் கிடைத்திருக்கிறது. வவுச்சர் தேதி முந்தியது! அங்கே உண்ணி பெருகக் காரணம், கைவிட்ட விளைநிலங்களில் மறுபடி காடு வளர்ந்து மான்கள் பெருகியதும், காட்டை ஒட்டி வீடு கட்டியதும், குளிர்காலம் இளகியதும்தான். கர்நாடகத்தில் காட்டை வெட்டியதால், அங்கே காடு திரும்பியதால். இரண்டிலும் பொதுவாக இருப்பது மனிதனும் விலங்கும் சந்திக்கும் ஓரம்.

நம் குடியிருப்புக் கணக்கைப் பார்ப்போம். இதில் இரண்டு வவுச்சர்கள் கலந்துவிட்டன.

சி பிளாக் சாருக்கு வந்தது ஸ்க்ரப் டைஃபஸ். தமிழில் அதை உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அது நாய் உண்ணியால் வருவதில்லை. புதரில் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒருவகைச் சிறு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. எலி நடமாடும் புதர்களில் அது இருக்கும். நம் பின்பக்கக் காலி மனையில் இடுப்பளவு புதர். காலை நடைக்கு அவர் போகும் குறுக்குவழி அது. அங்கேதான் கடித்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நாயைத் துரத்தினால் அந்தக் காய்ச்சல் போகாது.

சுவரில் ஏறுவது நாய் உண்ணி. ஒரு பெண் உண்ணி சில ஆயிரம் முட்டை இடும். நாயின் மேல் அல்ல, சுவர் வெடிப்பில். வாழ்நாளில் பெரும்பகுதி அது நாயின் மேல் இருப்பதே இல்லை. ரத்தம் இல்லாமல் பல மாதம் தாங்கும். வெயில் ஏறினால் வேகமாகப் பெருகும். நாய்களைத் துரத்திவிட்டால் சுவரில் இருப்பவை எங்கே போகும்? யார் கிடைப்பார்கள் என்று பார்க்கும். இதுவும் காய்ச்சல் பரப்பக்கூடியதுதான். அதனால் அலட்சியமும் வேண்டாம்.

என் யோசனைகள். வீட்டு நாய், தெருநாய் எல்லாவற்றுக்கும் ஒரே வாரத்தில் கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்து. கார் நிறுத்துமிட வெடிப்புகளைப் பூசிவிட்டு மருந்து அடிப்பது. முட்டை பிறகு பொரியும் என்பதால் ஒருமுறையோடு நிறுத்தக்கூடாது. காலி மனைப் புதரை வெட்ட உரிமையாளருக்குக் கடிதம். உண்ணி கடித்தால் மண்ணெண்ணெய், நெருப்பு வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். பிறகு காய்ச்சலோ, உடம்பில் தடிப்போ, கருப்புப் புண்ணோ வந்தால் மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்தப் பியூன் ஓய்வு பெற்ற நாளில் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். மாலை போட்டேன், கை குலுக்கினேன், வாய் வரவில்லை. நாய்களுக்குச் சோறு வைக்கும் அம்மா இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவரைப் பற்றிய அந்தச் செய்திக்குக் கட்டைவிரல் போட்டவர்களில் நானும் ஒருவன். அம்மா, தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மருத்துவர் வரும்போது நாய்களைப் பிடிக்க உங்கள் உதவி வேண்டும். நீங்கள் கூப்பிட்டால்தான் அவை வரும்.