வண்டி தெரிகிறது, அதன் வேகம் தெரிகிறதா?

(பொதுக்குழுக் கூட்டத்தில், வளாகத்துக்குள் வேகக் கட்டுப்பாடு பற்றிய தீர்மானத்துக்கு முன் சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் பேசியதன் எழுத்து வடிவம்.)



வளாகத்துக்குள் மணிக்கு 10 கிலோமீட்டர் என்று தீர்மானம் வந்திருக்கிறது. "பார்த்துத்தானே ஓட்டுகிறோம், எதற்கு இவ்வளவு கெடுபிடி?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலை நம் கண்ணிடமும் மூளையிடமும் கேட்டுப் பார்ப்போம்.

ஒரு பொருளைப் பார்ப்பதும், அது அசைவதை உணர்வதும் மூளையில் தனித்தனி வேலைகள். ஜெர்மனியில் ஒரு பெண்மணிக்கு மூளையின் பின்பகுதியில் பாதிப்பு ஏற்பட்டது. 1983-ல் அவரைப் பற்றிய ஆய்வு வெளியானது. நிறம், உருவம், எழுத்து எல்லாம் அவருக்குத் தெரியும். அசைவு மட்டும் தெரியாது. கோப்பையில் தேநீர் ஊற்றினால் அது உறைந்து நிற்பதுபோல் தோன்றும். எப்போது நிறுத்துவது என்று புரியாது. தெருவில் தூரத்தில் நிற்கும் கார் திடீரென்று பக்கத்தில் இருக்கும். சாலையைக் கடக்கவே பயந்தார்.

நமக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் நேராக நம்மை நோக்கி வரும் வண்டியின் வேகத்தைக் கணிப்பதில் எல்லோருமே கொஞ்சம் பலவீனம்தான். பக்கவாட்டில் போகும் வண்டி இடம் மாறுவது தெரியும். எதிரே வரும் வண்டி இடம் மாறுவதில்லை, அளவில்தான் பெரிதாகிறது. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். 40 மீட்டர் தள்ளி வரும் கார் ஏறக்குறைய அந்த விரல் அகலம்தான். 20 மீட்டருக்கு வரும்போது இரண்டு விரல், 10 மீட்டரில் நான்கு விரல். தூரத்தில் மெதுவாக வளர்ந்து, கடைசி நேரத்தில் சட்டென்று பெரிதாகும். பைக் இன்னும் ஒல்லி. இரவில் ஒற்றை விளக்கு மட்டும் தெரிந்தால் கணிப்பது மேலும் கடினம்.

இந்த வளர்ச்சியைக் கவனிக்கும் திறன் குழந்தைகளிடம் இன்னும் முதிரவில்லை. பிரிட்டனில் 2011-ல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது: சாலையைக் கடக்க வேண்டிய சில விநாடிகள் மிச்சம் இருக்கும்போது, மணிக்கு சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் வரும் வண்டி நெருங்குவதையே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளால் நம்பகமாக உணர முடியாமல் போகலாம். "பார்த்துப் போடா" என்று நாம் சொல்கிறோம். பிள்ளை பார்க்கத்தான் செய்கிறான். வண்டி நிற்பதுபோல் அவனுக்குத் தெரிகிறது. மாலை 6 மணிக்கு கேட்டிலிருந்து பூங்கா வரையுள்ள நேர்பாதையில் 30-க்குக் குறையாமல் வண்டிகள் வருவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம்.

அடுத்தது, பேஸ்மெண்ட் சரிவுப் பாதை. கீழிருந்து ஒரு கார் மேலே வருகிறது. பக்கத்துப் பாதையில் ஒரு பிள்ளை சைக்கிளில் வருகிறது. இருவரும் ஒரே சீரான வேகத்தில் ஒரே புள்ளியை நோக்கி வந்தால், ஓட்டுநரின் பார்வையில் அந்தச் சைக்கிள் ஒரே இடத்திலேயே நிற்கும். முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையிலுள்ள தூண் அதை மறைத்தால், மோதும்வரை மறைத்துக்கொண்டே இருக்கும். நகராத பொருளைக் கண்ணின் ஓரப்பார்வை எளிதில் கண்டுகொள்ளாது.

இன்னொன்று பழக்கம். அருவியை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பாருங்கள், பாறை மேலே ஏறுவதுபோல் தோன்றும். 1834-லேயே ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் இதைக் கவனித்து ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் எழுதியிருக்கிறார். ஒரே அசைவை நெடுநேரம் பார்த்தால் அதை உணரும் நரம்பணுக்களின் துடிப்பு குறைகிறது. நெடுஞ்சாலையில் 80-ல் வந்தவருக்கு வளாகத்துக்குள் 30 ஊர்வதுபோல் தெரிவதும் இதனால்தான். ஆகவே கேட் தாண்டியதும் கண்ணை நம்பாமல் ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள்.

பிரேக்கில் கால் வைக்கவே ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30-ல் அதற்குள் வண்டி 8 மீட்டர் ஓடிவிடும். 10-ல் 3 மீட்டருக்கும் குறைவு. இந்த 5 மீட்டர்தான் நாம் விவாதிக்கும் விஷயம்.

எனவே மூன்று வேண்டுகோள்கள். தீர்மானத்தை நிறைவேற்றுங்கள். சரிவுப் பாதையின் மேல்முனையில் ஒரு குவி ஆடி பொருத்துங்கள். அங்கே வண்டியை முழுதாக நிறுத்தி, தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தூணுக்குப் பின்னால் இருப்பது தெரிந்துவிடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "வண்டி வேகமாக வருகிறதா என்று பார்" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். "வண்டி தெரிந்தால் நில், அது போன பிறகு கட" என்று சொல்லுங்கள். வேகத்தைக் கணிக்கும் பொறுப்பு நம்முடையதாக இருக்கட்டும்.