சைக்கிளுக்கு ஒரு வழி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டில் வேலை பார்த்து வந்தவன் மேடை ஏறினால் சம்பளம், விசா, இன்டர்வியூ பற்றித்தான் பேசுவான் என்று தம்பிகள் எதிர்பார்த்திருப்பீர்கள். அதையெல்லாம் மதியம் சாப்பாட்டு வரிசையில் கேளுங்கள், ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்குக் கொடுத்த இந்தப் பத்து நிமிடத்தில் நான் பேசப்போவது சைக்கிள் பாதை பற்றி.

2017 முதல் 2019 வரை கம்பெனி வேலையாக பெல்ஜியம் நாட்டில் இருந்தேன். லிம்பர்க் மாகாணத்தில், நெதர்லாந்து எல்லையை ஒட்டி, போகோல்ட் என்று ஒரு ஊர். மலை கிடையாது, மேடு கிடையாது. நம்ம தஞ்சாவூர்ச் சீமை மாதிரியே தட்டை. நெல்லுக்குப் பதிலாக மக்காச்சோளமும் மாட்டுக்குப் புல்லும் போடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஊரை ஒட்டி இரண்டு கால்வாய்கள் வந்து சேர்கின்றன. ஒன்று, வில்லெம் மன்னர் பெயரால் 1826-ல் வெட்டி முடிக்கப்பட்டது. மற்றொன்று 1840-களில் வெட்டியது. படகு போகத்தான் வெட்டினார்கள். ஆனால் அந்தத் தண்ணீரையே திருப்பிவிட்டு, வெறும் மணலாகக் கிடந்த பூமியைப் புல்வெளியாக்கினார்கள். இதைக் கேட்டதும் நமக்கு ஊர் ஞாபகம் வராமல் இருக்குமா?

எனக்கு வீடு வாடகைக்குக் கொடுத்தவர் எழுபது வயதுப் பெரியவர், முன்னாள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஆறேழு எண்கள் மட்டும் வரிசையாக எழுதியிருந்தது. ஊர்ப் பெயர் இல்லை, தெருப் பெயர் இல்லை. "இதுதான் வழி, போய்ட்டு வா" என்று சைகையிலேயே சொல்லிவிட்டார். ஏதோ லாட்டரி நம்பர் போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்தச் சீட்டை ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டு கிளம்பினேன். மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு, யாரிடமும் வழி கேட்காமல், வீட்டு வாசலில் வந்து இறங்கினேன். வழியில் எனக்குப் பக்கத்தில் வந்த கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த எண்ணில் என்ன சூட்சுமம்? பாதைகள் ஒன்றையொன்று சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கம்பம், அதில் ஒரு எண். அங்கிருந்து அடுத்துள்ள எண்களுக்குப் போக அம்புக்குறி. வரைபடத்தில் ஒவ்வொரு துண்டும் எத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். கால் வலித்தால் சின்னச் சுற்று, தெம்பு இருந்தால் பெரிய சுற்று. அவரவர் எண்களைக் கோத்துக்கொள்ள வேண்டியதுதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் தம்பிகள் இதற்குள் சிரித்திருப்பீர்கள். நீங்கள் படிக்கிற கிராஃப் தியரியேதான் இது. முன்பெல்லாம் ஒவ்வொரு சுற்றுக்கும் தனிப் பெயர், தனிப் பலகை என்று வைத்தார்கள். ஓரிடத்தில் பாலம் உடைந்தால் அந்தச் சுற்றே போச்சு. எண் முறையில் அந்த ஒரு துண்டு மட்டும்தான் அடைபடும். மற்றதெல்லாம் ஓடும்.

இதை யோசித்தவர் ஹியூகோ பொல்லன் என்ற சுரங்கப் பொறியாளர். லிம்பர்க்கில் ஏழு நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. ஒவ்வொன்றாக மூடி, கடைசிச் சுரங்கத்தை 1992-ல் மூடினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு போனது. அடுத்து என்ன செய்வது என்று ஊரே தவித்த அந்த நேரத்தில், 1995-ல் இந்த எண் வழி முதன்முதலாக அங்கே திறக்கப்பட்டது. பூமிக்கு அடியில் இருட்டுக்குள் வேலை பார்த்தவருக்குத்தானே, வழி பிரிகிற இடத்தில் ஒரு அடையாளம் இருப்பதன் அருமை தெரியும்! இன்று அந்த மாகாணத்தில் மட்டும் சுமார் 2000 கிலோமீட்டர் இருக்கிறது. பெல்ஜியத்தின் மற்ற பகுதிகள், நெதர்லாந்து, ஜெர்மனியின் சில பகுதிகள் என்று எல்லோரும் இதை எடுத்துக்கொண்டார்கள். சைக்கிளில் வருகிறவர்களை நம்பிச் சின்னச் சின்ன ஊர்களில் காபிக் கடையும் தங்கும் விடுதியும் நடக்கின்றன.

இனிமேல் சொல்வதை சிவில் தம்பி தங்கைகள் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த வழிகளில் பெரும்பகுதி புதிதாகப் போட்ட ரோடு கிடையாது. ஏற்கெனவே இருந்ததைத்தான் தேடி எடுத்தார்கள். இன்ஜின் இல்லாத காலத்தில் குதிரை கரையில் நடந்து கயிற்றால் படகை இழுத்தது. அந்தக் குதிரைத் தடம்தான் இன்றைக்குச் சைக்கிள் பாதை. கால்வாய்க் கரையைவிடச் சமமான பாதை உலகத்தில் கிடையாது. தண்ணீரே நமக்காக லெவல் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. படகை ஏற்றி இறக்கும் லாக் உள்ள இடத்தில் மட்டும் சிறு மேடு. அடுத்தது, மூடப்பட்ட ரயில் தடங்கள். அதற்கடுத்தது வயலுக்குப் போகும் கான்கிரீட் ரோடு. ஸ்லாபு இணைப்பில் சக்கரம் 'டக் டக்' என்று தாளம் போடும்.

வயல் ரோட்டில் குறுக்கு வழி தேடி கார் நுழையாதா என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு எளிய வேலை செய்திருக்கிறார்கள். ரோட்டின் நடுவில் ஒரு கான்கிரீட் திண்டு. டிராக்டரின் வயிறு உயரம், அது மேலேயே தாண்டிப் போய்விடும். காரின் வயிறு தாழ்வு, இடித்துவிடும். சைக்கிள் பக்கவாட்டில் போய்விடும். போலீஸ் வேண்டாம், கேமரா வேண்டாம்.

குறையும் உண்டு. மலை இல்லாத ஊரில் காற்றுதான் மலை. "போகும்போது எதிர்காற்றில் போ, திரும்பும்போது அது உன்னைத் தள்ளிக்கொண்டு வரும்" என்பது பெரியவர் சொன்ன பாடம். மக்காச்சோளம் ஆள் உயரம் வளர்ந்துவிட்டால் குறுக்கே வருகிற டிராக்டர் தெரியாது, மணியடித்துக்கொண்டேதான் போக வேண்டும்.

சரி, இதை ஏன் இங்கே வந்து சொல்கிறேன்? நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது, நம் கேட்டுக்கு வெளியே மெயின் ரோட்டில், ஜூனியர் ஒருவன் சைக்கிளோடு லாரியில் அடிபட்டான். கால் முறிந்து ஒரு செமஸ்டர் போனது. என் பேட்ச் ஆட்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அந்த ரோடு இப்போது அகலமாகியிருக்கிறது, வண்டிகளும் வேகமாகியிருக்கின்றன. சைக்கிளுக்கு இடம் மட்டும் கூடவில்லை. 2001-ல் தொடங்கிய அரசு சைக்கிள் திட்டத்தால் எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கிடைத்தது. பிளஸ் ஒன் படிக்கிற பெண் பிள்ளை அதை ஓட்டிக்கொண்டு போவதும் இதே ரோட்டில்தான். சைக்கிள் கொடுத்தோம், ஆனால் வழி கொடுத்தோமா?

வழி இல்லாமலும் இல்லை. நம் ஹாஸ்டலுக்குப் பின்னால் ஓடுவது கல்லணைக் கால்வாயின் கிளை. 1934-ல் மேட்டூர் அணை திறந்தபோது பாசனத்துக்கு வந்த கால்வாய் அது. அதன் கரையில் தடம் இருக்கிறது. கிளை வாய்க்கால்களின் கரையிலும் இருக்கிறது. மதகு மதகாகப் பார்த்துக்கொண்டு போகிற லஸ்கருக்கும், மாடு மேய்ப்பவருக்கும், வயலுக்குப் போகிறவருக்கும் அது தெரியும். நமக்குத்தான் தெரியாது. எந்தக் கரை எந்த ஊரில் போய் முடியும், எந்த மதகில் கடக்கலாம், எங்கே சீமைக் கருவேல முள் டயரைப் பதம் பார்க்கும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்றைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒரு பிராஜெக்டாக இதை எடுங்கள். கல்லூரியைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் உள்ள கரைத் தடங்களைச் சைக்கிளிலேயே போய் அளந்து, சந்திப்புகளுக்கு எண் கொடுத்து, ஒரு வரைபடம் போடுங்கள். பக்கத்துப் பள்ளிகளின் பிள்ளைகள் எந்தெந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்பதையும் அதில் குறியுங்கள். கரை நீர்வளத்துறையுடையது. எண் கம்பம் நட அவர்கள் அனுமதி வேண்டும், கிராமத்தாரின் சம்மதமும் வேண்டும். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதற்கும் வெறுங்கையோடு போய்க் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு.

பெல்ஜியத்தை அப்படியே காப்பி அடித்தால் இங்கே செல்லாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே காரைத் தடுத்தால் போதும். இங்கே தடுக்க வேண்டியது லாரியை. அதன் வயிறும் உயரம், அந்தத் திண்டு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அகலத்தைக் குறுக்கினால் அறுவடை மெஷினும் நின்றுவிடும். டிராக்டரும் அறுவடை மெஷினும் போக வேண்டும், லாரி போகக்கூடாது. இதற்கு என்ன டிசைன்? எனக்கு விடை தெரியாது, உங்களிடம் விட்டுவிடுகிறேன். இன்னொன்று. ஆள் நடமாட்டம் இல்லாத வழி எல்லோருக்கும் பயமில்லாத வழி ஆகிவிடாது. எந்தத் துண்டில் தனியாகப் போகலாம், எங்கே விளக்கு வேண்டும் என்பதைத் தங்கைகள் கூடப் போய்ப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் துண்டு வரைபடத்தில் வரக்கூடாது.

அங்கே அந்தந்தத் துண்டைத் தன்னார்வலர்கள் பொறுப்பெடுத்து ஓட்டிப் பார்த்து, பலகை விழுந்திருந்தால் தகவல் சொல்கிறார்கள். அதே மாதிரி முன்னாள் மாணவர்களான நாம் பேட்ச்சுக்கு ஒரு துண்டு என்று எடுத்துக்கொள்ளலாமே! கம்பத்துக்கும் பெயிண்டுக்கும் பெரிய செலவு ஆகாது. முதல் துண்டின் செலவை என் பேட்ச் ஏற்கும் என்று நண்பர்களைக் கேட்காமலேயே அறிவிக்கிறேன். முறைக்காதீர்கள், மாலையில் பேசிக்கொள்வோம்.

ஜனவரி கடைசியில் மேட்டூரை மூடியபின் கரை காய்ந்து கிடக்கும். அளப்பதற்கு அதுதான் சரியான சமயம். அடுத்த சந்திப்புக்கு நாங்கள் வரும்போது ஒரு துண்டுச் சீட்டில் நாலு எண் எழுதிக் கொடுங்கள். நாங்கள் ஓட்டிப் பார்க்கிறோம்.