தேடச் சொன்ன தந்தை



"எத்தனை காலம் துஆச் செய்வது?" என்ற கேள்வி புத்தளத்து அகதி முகாம்களில் வளர்ந்தோருக்குப் புதிதன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட நம்மவர்கள், 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் காணிக்காகவும் வீட்டுக்காகவும் அலுவலகங்களில் ஏறி இறங்கினர். அக்காத்திருப்பிலேயே கப்றடைந்த மூத்தோரும் உளர்.

இத்தகையோரிடம், "அழாதீர்கள், பொறுமையாயிருங்கள்" எனச் சிலர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். அவர்கள் ஸூரா யூஸுபை மீண்டும் ஓதட்டும். மகனைப் பிரிந்த நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் கவலையால் வெளுத்துப்போயின. அழகிய பொறுமையை மேற்கொண்டவர்களும் அவர்களே! கண்ணீர் அப்பொறுமையை முறிக்கவில்லை. தம் துயரை அவர்கள் அல்லாஹ்விடமே முறையிட்டார்கள்.

பிள்ளைகளிடம் என்ன சொன்னார்கள்? யூஸுபையும் அவரது சகோதரரையும் போய்த் தேடுமாறு பணித்தார்கள். இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஆண்டுகள் பல கழிந்து, செய்தி ஏதும் வராத நிலையிலும் தேடச் சொன்னது தவக்குலுக்கு முரணாகவில்லை.

இளைஞனே, உன் வாப்பா பழைய காணி உறுதியை இன்னும் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தால் சிரித்துவிடாதே. தஹஜ்ஜுதில் கையேந்திய அவர் காலையில் கச்சேரிக்குப் புறப்படும்போது, நீயும் கூடப் போ.