பெயரில்லாப் படங்கள்: தோட்டத்து நினைவுகளும் இணையத் தேடலும்



இந்தச் சொற்பொழிவு வரிசையில் இலக்கணமும் இலக்கியமும் பேசப்படுவது வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், இணையத்தளத்தில் படங்களை ஏற்றும் முறை. இது கணினியாளர் வேலையன்றோ என்று சிலர் எண்ணக்கூடும். இதில் ஒரு பாதிதான் கணினி வேலை. மறுபாதி மொழி வேலை. அந்த மறுபாதியை நாம் செய்யாமல் விடுவதால் எதை இழக்கிறோம் என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

நெகிரி செம்பிலானில் நம் முன்னோர் வாழ்வு ரப்பர்த் தோட்டங்களில் வேரூன்றியது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி நடத்தப்பட வேண்டும் என்றது. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவும் அப்படித் தோட்டத்தோடு சேர்ந்து வளர்ந்தவை. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 1998இல் சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்ட காலத்தையொட்டி, நீலாய், லாபு வட்டாரத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயங்கள் மறைந்தன. எஞ்சியவை பழைய பெட்டிகளில் கிடந்த நிழற்படங்கள். அவற்றை வருடிப் பள்ளி இணையத்தளங்களில் ஏற்றிய ஆசிரியர்களின் உழைப்பு போற்றத்தக்கது.

ஆயினும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். என் பழைய மாணவர் ஒருவர், தம் பாட்டி வேலை செய்த ஆயாக் கொட்டகையைத் தம் மகளுக்குக் காட்ட விரும்பினார். தோட்டத்தின் பெயரையும் ‘ஆயாக் கொட்டகை’ என்ற சொல்லையும் தேடுபொறியில் இட்டார். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் படம் ஒரு பள்ளியின் தளத்தில் இருப்பதை நான் அறிவேன். திறந்து பார்த்தேன், பக்கம் வந்து சேரவே நெடுநேரம் ஆயிற்று. படக்கோப்பின் பெயர், வருடி தந்த வெறும் எண். படத்தின் கீழே ‘நினைவலைகள்’ என்ற ஒரு சொல். ஆயாக் கொட்டகை படத்தில் இருந்தது. பக்கத்தில் அந்தச் சொல் எங்குமே இல்லை.

தேடுபொறி படத்தை எப்படி அறிகிறது? கூகுள் 2001இல் படத்தேடலைத் தொடங்கியது. படத்தைச் சூழ்ந்துள்ள உரை, படத்தின் கீழுள்ள விளக்கம், கோப்பின் பெயர், பக்கத்தின் தலைப்பு, படத்தோடு நிரலில் எழுதப்படும் மாற்றுரை ஆகியவற்றை அது படிக்கிறது. இன்றைய இயந்திரங்கள் படத்திலுள்ள மரத்தையும் வாளியையும் அடையாளம் காணக்கூடும். ஆனால் அது எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, அந்தக் கொட்டகையை நம் மக்கள் என்ன சொல்லி அழைத்தார்கள் என்பவற்றை நாம் எழுதினாலன்றி அவை அறிய வழியில்லை.

முதலில் மாற்றுரையைப் பார்ப்போம். இது பார்வையற்றோருக்குப் பெரிதும் பயன்படுவது. திரைவாசிப்புக் கருவி இதனைப் படித்துக் காட்டும். படம் இறங்காதபோதும் இதுவே தோன்றும். ‘படம் 1’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. ‘தோட்டம், ரப்பர், தமிழர், பள்ளி’ என்று சொற்களை அடுக்கினாலும் பயனில்லை. தேடுபொறிகளும் அதை விரும்புவதில்லை. ‘காண்டா கம்பின் இருபுறமும் பால் வாளிகளைச் சுமந்து நிற்கும் பெண், பின்னால் பெரட்டுக்களம்’ என்று கண்டதைக் கண்டபடி எழுதினால் போதும். இடம், ஆண்டு, படத்தைத் தந்தவர் ஆகிய செய்திகள் படத்தின் கீழே எல்லாரும் காணும் விளக்கத்தில் வர வேண்டும்.

ஊர்ப்பெயரில் ஒரு சிக்கல் உண்டு. சிரம்பான் என்பாரும் செரம்பான் என்பாரும் உளர். பகாவ் என்பாரும் பஹாவ் என்பாரும் உளர். ஒரு வடிவத்தைத் தரமாகக் கொள்ளுங்கள்; மற்ற வடிவத்தையும் தோட்டத்தின் மலாய்ப் பெயரையும் விளக்கத்தில் ஒருமுறை குறியுங்கள். தேடுபவர் எந்த எழுத்தில் தேடினாலும் வந்து சேர்வார்.

கோப்பின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாமா என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். வைக்கலாம். ஆனால் இணைய முகவரியில் தமிழ் எழுத்துகள் குறியீடுகளாக மாற்றப்படும்போது ‘தோட்டம்’ என்ற ஒரு சொல்லே 63 குறிகளாக நீண்டுவிடும். ஆகவே கோப்புக்குக் குறுகிய உரோமன் எழுத்துப் பெயரிட்டு, சொற்களுக்கிடையே சிறுகோடு இட்டு, தமிழை மாற்றுரையிலும் விளக்கத்திலும் முழுமையாக எழுதுவது நடைமுறைக்கு ஏற்றது.

அடுத்தது எடை. இன்றைய கைப்பேசி எடுக்கும் ஒரு படம் 4 மெகாபைட் இருக்கலாம். அப்படி 20 படங்களை ஒரே பக்கத்தில் இட்டால் 80 மெகாபைட். நொடிக்கு 4 மெகாபிட் வேகமே கிடைக்கும் தோட்டத்துப் பிள்ளை, அவை முழுவதும் இறங்க 160 நொடி காத்திருக்க வேண்டும். அதே படங்களை 1200 படப்புள்ளி அகலத்திற்குக் குறைத்து, வெப்பி அல்லது ஜேபெக் வடிவில் அளவாகச் சுருக்கினால், ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 200 கிலோபைட்டுக்குள் அடக்கலாம். அப்போது மொத்தம் 4 மெகாபைட். 8 நொடி போதும். பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தோன்றுவதையே நல்ல வேகம் என்று கூகுள் கொள்கிறது. எனவே முதற்படத்தை உடனே இறங்கவிட்டு, கீழுள்ள படங்களை வாசகர் அவற்றை நெருங்கும்போது இறங்குமாறு அமையுங்கள். நிரலில் அகலமும் உயரமும் குறித்தால் படிக்கும்போது பக்கம் துள்ளாது.

ஓர் எச்சரிக்கை: சுருக்கிய படம் இணையத்திற்கு மட்டுமே. ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் தரம் குறையும். வருடிய மூலப்படத்தைத் தனியே பாதுகாத்து வையுங்கள். கைப்பேசிப் படத்தில் எடுத்த இடத்தின் குறிப்பு ஒளிந்திருக்கலாம். பிள்ளைகள் உள்ள படமாயின் அதனை நீக்கிவிட்டே ஏற்றுங்கள்.

இறுதியாக, மொழியைப் பற்றிய ஒரு வருத்தம். எழுத்துருக்கள் ஒத்துப்போகாத காலத்தில் தமிழ் உரையையே படமாக்கி இணையத்தில் இட்டார்கள். அந்தத் தடை நீங்கப் பலர் உழைத்தனர். முரசு மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறன் நம் மலேசியர். ஒருங்குறி வந்து, கைப்பேசியிலும் தமிழ் தட்டச்சு வாய்த்துவிட்டது. ஆயினும் பள்ளி அறிவிப்பையும் விழா அழைப்பையும் இன்றும் வண்ணப் படமாக மட்டுமே ஏற்றுகிறோம். படத்துக்குள் இருக்கும் தமிழைத் தேடுபொறி சரியாகப் படிக்கும் என்று நம்பியிருக்க இயலாது. அழைப்பிதழ் அழகாக இருக்கட்டும். அதிலுள்ள செய்தியை அதன் கீழே எழுத்தாகவும் இடுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு பணி தருகிறேன். வீட்டிலுள்ள ஒரு பழைய படத்தை எடுத்துத் தாத்தா பாட்டியிடம் காட்டுங்கள். இது எந்தத் தோட்டம், இந்தப் பொருளுக்கு என்ன பெயர், நிற்பவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டு மூன்று வரி எழுதுங்கள். ஆசிரியர்கள் அந்த வரிகளைத் திருத்தி, வீட்டார் இசைவு பெற்று, படத்தோடு ஏற்றுங்கள். மங்கு, ஒட்டுப்பால், பெரட்டுக்களம் என்ற சொற்களைப் பேசி வாழ்ந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

என் மாணவரின் மகளுக்கு அந்தப் படத்தை நான் அனுப்பிவைத்தேன். அடுத்து அதைத் தேடும் பிள்ளைக்கு என்னைத் தெரிந்திருக்க வேண்டிய தேவை இருக்கக்கூடாது.