மாறுவதும் மாறாததும்: மேகச் சேவைகளில் வணிக நடைமுறை



மொழியியல் பயின்ற நாம் மேகக் கணிமையைப் பற்றிப் பேச முற்படுவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஆயினும், மாறுவதையும் மாறாததையும் பிரித்தறிதல் இரு துறைக்கும் பொதுவான பணியாகும்.

மேகச் சேவையாகக் கிடைக்கும் மென்பொருளைச் சந்தா செலுத்திப் பயன்படுத்துகிறோம். பல நிறுவனங்கள் அதனைப் பகிர்ந்துகொள்வதால், நிரலை நம் விருப்பப்படி திருத்தவியலாது. அமைப்புகளை மட்டுமே மாற்றிக்கொள்ளலாம். ஆகவே, நாளை எது மாறக்கூடும் என்பதை நடைமுறையை வகுக்கும்போதே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

'செய்தான், செய்கிறாள், செய்வர்' என்னும் சொற்களை நோக்குவோம். 'செய்' என்னும் பகுதி நிலைத்து நிற்கிறது. இடைநிலையும் விகுதியும் மாறுகின்றன. கடையிலும் அவ்வாறே. வரியைக் கணக்கிட்டு விலைப்பட்டியலில் சேர்த்தல் பகுதி போன்றது; விழுக்காடு இடைநிலை போன்றது. சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2023 ஜனவரி 1 அன்று 7 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகவும், 2024 ஜனவரி 1 அன்று 9 விழுக்காடாகவும் உயர்ந்தது. விழுக்காட்டை ஒவ்வொரு படிவத்திலும் எழுதிவைத்தவர் இருமுறையும் அனைத்தையும் தேடித் திருத்த நேரும். அதனையும் அது நடப்புக்கு வரும் நாளையும் ஓரிடத்தில் வைத்தவர்க்குப் புதிய பதிவு ஒன்றைச் சேர்த்தாலே போதும். பழைய பதிவை அழித்தலும் கூடாது. 2023 டிசம்பரில் விற்ற பொருள் 2024இல் திரும்பி வந்தால், அன்று பெற்ற 8 விழுக்காட்டையே திருப்பித் தரவேண்டும்.

மாறுவதை மாறாததெனக் கொள்ளும் பிழை பெயரிலும் நேர்கிறது. குடும்பப் பெயரை நிரப்பாவிடில் மேற்செல்ல விடாத படிவங்கள் பல. நம்மவருள் பலர்க்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தை பெயரே உண்டு. அதனை அவ்விடத்தில் இட்டால், மகளுக்கு வரும் மடல் அவளைத் தந்தையின் பெயரால் விளிக்கிறது. முழுப்பெயருக்கு ஓரிடமும், விளிக்கவேண்டிய பெயருக்கு ஓரிடமும் வைத்தால், சீனர், மலாய்க்காரர், தமிழர் ஆகிய அனைவரும் ஒரே படிவத்தில் அடங்குவர்.

பகுதியும் என்றும் திரியாதது அன்று. 'வா' என்பது 'வந்தான்' எனும்போது குறுகுகிறது. வணிகத்திலும் அடிப்படையே மாறும் நாள் வரும். சேவையையே மாற்றவும் நேரும். சந்தா முடிந்தால் மென்பொருள் நம்மை விட்டுப் போகும். நடைமுறை பற்றிய அறிவு நம்மிடம் எஞ்சவேண்டும். ஆதலால், அதனை மென்பொருளுக்கு வெளியே தெளிந்த வாக்கியங்களாக எழுதிவைத்தல் நன்று. 'ஒப்புதல்' என்று மட்டும் எழுதினால் எவர், எப்போது என்பது விளங்காது. 'மேலாளர் இரண்டு நாளுக்குள் ஒப்புதல் அளிப்பார்' என்றால் விளங்கும். 'இரண்டு நாள்' மாறக்கூடியது என்பதும் புலப்படும்.

ஆசிரியப் பெருமக்களே, பள்ளி நூலகத்தில் நூல் இரவல் பெறும் முறையை மாணவர்கள் இவ்வாறு தமிழில் எழுதட்டும். மாறக்கூடிய சொற்களை அடிக்கோடிடட்டும். மென்பொருளைத் திறக்குமுன் செய்யவேண்டிய முதற்பணி அதுவே.