தாமஸ் கவனன்ட்: வாசகர்களை இரண்டாக்கிய நாயகன்

காவியப் பாங்கான மிகைபுனைவு நாவல்களில், வாசகர்களை இரண்டு கட்சியாகப் பிரித்ததில் தாமஸ் கவனன்டை மிஞ்சிய நாயகன் இல்லை எனலாம். அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீஃபன் ஆர். டொனால்ட்சன் படைத்த பாத்திரம் இது. ‘லார்ட் ஃபவுல்ஸ் பேன்’, ‘தி இல்எர்த் வார்’, ‘தி பவர் தட் பிரிசர்வ்ஸ்’ என்ற மூன்று நாவல்களும் 1977இல் ஒன்றாக வெளிவந்தன. கையெழுத்துப் படி 47 முறை திருப்பி அனுப்பப்பட்டது என்று ஆசிரியரே சொல்லியிருக்கிறார். கடைசியில் அதை ஏற்றுக்கொண்டவர் பதிப்பாசிரியர் லெஸ்டர் டெல் ரே. டோல்கீனின் அடியொற்றி நடந்த டெர்ரி புரூக்ஸின் ‘தி சோர்ட் ஆஃப் ஷன்னாரா’ நாவலை அதே ஆண்டில் கொண்டுவந்தவரும் அவர்தான். அந்த நாவல் வாசகர் கேட்டதைக் கொடுத்தது. கவனன்டின் கதையோ யாரும் கேட்காததைக் கொடுத்தது; ஆனாலும் பெருமளவில் விற்றது.

கவனன்ட் பெயர்பெற்ற நாவலாசிரியன். அவனுக்குத் தொழுநோய் இருப்பது தெரியவருகிறது. வலக்கையில் இரண்டு விரல்களை எடுத்துவிடுகிறார்கள். மனைவி கைக்குழந்தையோடு பிரிந்து போகிறாள். அவன் கடைத்தெருப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று, அவன் கட்டவேண்டிய பணத்தை ஊரிலேயே யாரோ கட்டிவிடுகிறார்கள். கருணைபோலத் தெரியும் விலக்கிவைப்பு. தொலைபேசிக் கட்டணத்தையாவது தன் கையால் கட்டியே தீருவது என்ற வீம்போடு அவன் ஊருக்குள் நடக்கிறான். வழியில் காவல்துறை வண்டி ஒன்றின் முன் விழுந்து நினைவிழக்கிறான். கண் விழிக்கும் இடம் வேறோர் உலகம். ‘லேண்ட்’ என்று அதற்குப் பெயர். அங்கே மண்ணின் நலமும் மரத்தின் நோவும் பார்த்தாலே தெரியும். இரண்டு விரல் இல்லாத கையைப் பார்த்த மக்கள், பழங்கதை வீரன் பெரெக் திரும்பிவிட்டான் என்று நினைக்கிறார்கள். விவாகரத்துக்குப் பிறகும் அவன் கழற்றாத வெள்ளைத் தங்க மோதிரம் அங்கே பேராற்றல் கொண்ட பொருள். இத்தனை மதிப்புக்கும் அவன் பதில் ஒன்றுதான்: இது கனவு, நம்பமாட்டேன்.

இந்த மறுப்பை வெறும் முரட்டுப் பிடிவாதம் என்று தள்ள முடியாது. தொழுநோய் நரம்பைத் தாக்குவதால் வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாததால் சுட்ட இடமும் வெட்டிய இடமும் கவனிக்கப்படாமல் புண்ணாகிக் கை கால்கள் சிதைகின்றன. இந்த உண்மையை மருத்துவ உலகில் நிலைநாட்டியதில் பெரும்பங்கு கொல்லிமலையில் பிறந்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்டுக்கு உண்டு. அவர் 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலிருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். நாவலில் கவனன்ட் சிகிச்சைபெறும் இடமும் லூசியானாவிலுள்ள தொழுநோய் மருத்துவமனையே. டொனால்ட்சனின் தந்தை இந்தியாவில் தொழுநோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்த எலும்பு மருத்துவர். மகனின் இளமைக்காலமும் இந்தியாவில்தான் கழிந்தது. நாவலாசிரியர் இந்த நோயை அலங்காரத்துக்காக எடுத்துக்கொள்ளவில்லை.

கவனன்ட் மருத்துவமனையில் கற்ற முதல் பாடம், ஓயாமல் தன் உடம்பைச் சோதிப்பது. கை, கால், விரலிடுக்கு, சட்டை விளிம்பு, காலணியின் உட்புறம் என்று ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்கவேண்டும். கனவு கண்டுகொண்டு அசந்துபோனால் காயம், காயத்தை விட்டால் அழுகல், பிறகு மரணம். அப்படிப்பட்டவனிடம் ஒரு மாய உலகம் வந்து, நீ குணமாகிவிட்டாய் என்கிறது. நம்பினால் சோதிப்பதை விட்டுவிடுவான், விட்டால் செத்துப்போவான். ஆகவே நம்ப மறுப்பது அவன் உயிர்பிழைக்கும் வழி. மூன்று நாவல்களின் கட்டுமானமும் இந்த ஒரே மருத்துவக் காரணத்தின்மேல் நிற்கிறது. மிகைபுனைவில் இதைவிடப் பலமான அடித்தளம் அதிகம் இல்லை.

வாசகர்கள் பிரியும் இடம் முதல் நாவலின் ஏழாம் அத்தியாயம். லீனா என்ற பதினாறு வயதுப் பெண்தான் லேண்டில் அவனை முதலில் கண்டெடுத்தவள். காயம் ஆற்றும் ஒரு மண்ணை எடுத்து அவள் பூசுகிறாள். செத்த நரம்புகளுக்கு உணர்ச்சி திரும்புகிறது. இழந்துபோன ஆண்மையும் திரும்புகிறது. அந்த வெறியிலும் அச்சத்திலும் அவளை அவன் வல்லுறவு செய்கிறான். புத்தகத்தை அந்தப் பக்கத்தோடு மூடிவைத்தவர்கள் ஏராளம். மறுபடி திறக்காதவர்களும் அவர்களில் பலர். அவர்களை மென்மனத்தினர் என்று கேலிசெய்வதில் நியாயமில்லை. கெட்டவன் ஒருவனைப் பற்றிப் படிக்கமாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. இவனோடு இன்னும் ஆயிரம் பக்கம் கூடவே நடக்கமாட்டோம் என்கிறார்கள். மிகைபுனைவில் புது உலகத்தை வாசகர் பார்ப்பது நாயகனின் கண்ணால். அந்தக் கண்ணை இரவல் வாங்கக் கூசுகிறவருக்கு அந்த உலகத்தின் வாசலும் அடைபட்டுப்போகிறது.

ஆதரிப்போர் எடுத்துவைப்பது ஏழாம் அத்தியாயத்துக்குப் பின் நடப்பவற்றை. லீனாவின் தாய் அட்டியாரன், மகளுக்கு நேர்ந்தது தெரிந்த பிறகும் அவனை வழிநடத்திச் செல்கிறாள். லேண்டுக்குச் சேரவேண்டிய செய்தி அவனிடம் இருக்கிறது. பழிவாங்குவதில்லை என்ற சத்தியமும் அவளைக் கட்டுகிறது. பக்கத்தில் நடப்பவனைக் கொல்லவும் முடியாமல், மன்னிக்கவும் முடியாமல் அவள் போகும் அந்த நெடும்பயணமே முதல் நாவலின் உச்சம். இரண்டாம் நாவலுக்குள் லேண்டில் நாற்பது ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அந்த வல்லுறவில் பிறந்த எலீனா இப்போது நாட்டின் தலைவி. லேண்டின் எதிரியை வெல்லும் ஆவலில் இறந்தவன் ஒருவனை எழுப்பி, சாவுக்கும் வாழ்வுக்கும் இடையிலான விதியையே உடைக்கிறாள். லீனாவின் தந்தை டிரெல், எதிரி முற்றுகையிட்ட நாட்களில் மனம் சிதைந்து சபை மண்டபத்துக்குத் தீவைக்கிறான். ஓர் இரவின் குற்றம் மூன்று தலைமுறையைக் குலைக்கிறது. கனவில் செய்த குற்றத்துக்குப் பொறுப்பு உண்டா என்று கவனன்ட் தப்பிக்கப் பார்க்கும்போதெல்லாம், அவனால் கெட்டுப்போன ஒருவரைக் கதை அவன் எதிரே கொண்டுவந்து நிறுத்துகிறது.

பிடிக்கும்படியான நாயகனை எழுத டொனால்ட்சனுக்குத் தெரியாமலில்லை. இரண்டாம் நாவலில் வரும் ஹைல் டிராய் அதற்குச் சாட்சி. கவனன்டின் உலகத்திலிருந்தே வந்த அவன் பிறவியிலேயே கண்களில்லாதவன். லேண்டில் அவனுக்குப் பார்வை கிடைக்கிறது. அந்த உலகத்தை முழுமனதாக நம்பிப் படையை நடத்துகிறான். ஆனால் அவனுடைய போர்த்திட்டம் படையை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோகிறது. தப்பிக்க, விலை என்னவென்று கேட்காமலே ஒரு பேரத்துக்கு ஒப்புக்கொண்டு தன்னையே இழக்கிறான். டிராயை அங்கே வரவழைத்தவள் அட்டியாரன்! அவள் அழைக்க முயன்றது கவனன்டை. வந்து சேர்ந்தவன் இவன். அந்த முயற்சியில் அவள் எரிந்து மாண்டாள். நம்பினவனும் கெடுக்கிறான், நம்பாதவனும் கெடுக்கிறான் என்று காட்டுகிற துணிச்சல் 1977இல் இந்த வகை நாவல்களில் அரிது.

லேண்ட் நிஜமா, கனவா என்ற ஐயத்தைக் கலையாமல் வைத்திருக்க ஆசிரியர் ஒரு தியாகமும் செய்தார். லேண்டைச் சேர்ந்தவர்களின் பார்வையிலேயே நகர்ந்த ஒரு பகுதியை இரண்டாம் நாவலிலிருந்து வெட்டி எடுத்தார். கவனன்டும் டிராயும் இல்லாத இடத்தில் நடப்பதை வாசகர் நேரில் கண்டால், அந்த உலகம் தானாகவே நிஜமாகிவிடும்; கவனன்டின் மறுப்புக்குப் பொருளில்லாமல் போகும். வெட்டிய பகுதி ‘கில்டன் ஃபயர்’ என்ற தனி நூலாக 1981இல் வந்தது. வெறுக்கத்தக்கவனின் தரப்புக்குப் பலம் குறையக்கூடாது என்று இவ்வளவு பார்த்துச் செய்த ஆசிரியரை, கவனக்குறைவாக ஒரு கொடியவனை நாயகனாக்கிவிட்டார் என்று குற்றம்சாட்ட முடியாது.

நடை வேறு விஷயம். அகராதியின் மூலையில் கிடக்கும் சொற்களை டொனால்ட்சன் தேடிப் பிடித்துப் போடுவார். உணர்ச்சி உச்சத்தில் பாத்திரங்கள் எதையாவது இறுகப் பற்றிக்கொண்டே இருக்கும். இந்த நாவல்களை ஏதாவதொரு பக்கத்தில் திறந்து, ‘கிளென்ச்’ என்ற சொல்லை முதலில் கண்டுபிடிப்பவருக்கு வெற்றி என்று ஒரு பந்தயத்தையே நிக் லோ என்ற விமர்சகர் எழுதிவைத்தார். கேலி என்றாலும் பொய்யில்லை. கவனன்டின் பிடிவாதத்தைத் தாங்கிக்கொள்கிற வாசகர்கூட அவனுடைய ஓயாத தன்னிரக்கத்தில் சோர்ந்துபோவதற்கு இந்த நடையும் ஒரு காரணம்.

பின்னால் வந்த எதிர்நாயகர்களோடு வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ (1996) நாவலில் ஜேமி லானிஸ்டர் ஒரு சிறுவனை ஜன்னலிலிருந்து தள்ளிவிடுகிறான். மூன்றாம் நாவலில் அவன் பார்வையிலேயே அத்தியாயங்கள் வந்ததும் பலர் அவன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஜோ ஆபர்கிராம்பியின் ‘தி பிளேட் இட்செல்ஃப்’ (2006) நாவலில் வரும் குளோக்டா சித்திரவதையையே தொழிலாகக் கொண்டவன். அவனுக்கு ரசிகர் கூட்டம் உண்டு. ஜேமியிடம் வாள்வித்தையும் நாக்குக் கூர்மையும் இருக்கின்றன. குளோக்டா தன்னையே கிண்டலடித்துக்கொள்கிறான். கவனன்டிடம் திறமையும் இல்லை, நகைச்சுவையும் இல்லை. கெட்டவனை மன்னிப்பதில் வாசகர்கள் தாராளமாகவே இருக்கிறார்கள். அவன் சுவாரசியமாகப் பேசவேண்டும், அவ்வளவுதான். டொனால்ட்சன் அந்த லஞ்சத்தைக் கொடுக்க மறுத்தார்.

நாவலின் உண்மையான குறை லீனாவிடத்தில் இருக்கிறது. குற்றத்தின் விளைவுகளை இத்தனை தூரம் துரத்திச் செல்லும் கதை, அவள் மனத்துக்குள் ஒருமுறையும் போவதில்லை. மூன்றாம் நாவலில் அவள் சித்தம் கலங்கிய மூதாட்டி. இன்னும் இளம்பெண் என்ற நினைப்பில், அவனைக் காதலனாக எண்ணிக் காத்திருக்கிறாள். அவனைக் காக்கப் போய் உயிரை விடுகிறாள். அவளுடைய துயரம் ஓர் ஆணின் மனம் திருந்துவதற்குக் கருவியாகிவிட்டது என்ற குற்றச்சாட்டுக்கு ஆதரவாளர்களிடம் சரியான விடை இல்லை. முதல் இரண்டு நாவல்களில் லேண்டுக்காரர் எவர் மனத்துக்குள்ளும் போவதில்லை என்ற கட்டுப்பாட்டைக் காட்டலாம். ஆனால் அட்டியாரனுக்கு வெளியிலிருந்தே அத்தனை கனம் கொடுக்க முடிந்த எழுத்தாளர், லீனாவிடம் மட்டும் பைத்தியத்தைக் கொடுத்து விலகிவிட்டார்.

1980இல் தொடங்கிய இரண்டாம் வரிசையில் டொனால்ட்சன் கண்ணையே மாற்றினார். அங்கே கதையின் பல பகுதிகள் லிண்டன் ஏவரி என்ற பெண் மருத்துவரின் பார்வையில் நகர்கின்றன. அப்போது கவனன்டை வாசகர் வெளியிலிருந்து பார்க்கிறார். முதல் மூன்று நாவல்களோடு மல்லுக்கட்டியவர்களில் சிலருக்கு இந்த வரிசை எளிதாக இருந்தது. வேறு சிலருக்கு லிண்டனின் ஓயாத தன்னைத்தானே சந்தேகித்தல் பழைய எரிச்சலையே புதுப்பித்தது. கடைசி நாவல் ‘தி லாஸ்ட் டார்க்’ 2013இல் வந்து வரிசை பத்து நூல்களாக முடிந்த பிறகும், படிக்கலாமா என்று கேட்பவரிடம் ஏழாம் அத்தியாயத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுவது வாசகர்களிடையே வழக்கமாக இருக்கிறது.