கூடிப் பயில்வோம், அளவறிந்து பயில்வோம்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



சங்க மைதானத்தில் மாலை வேளைகளிற் கூட்டுத் தேகப்பயிற்சி தொடங்கவேண்டும் என்று வாலிபர் பலர் விரும்புகின்றனர். பிள்ளைகள் உடம்பைக் கெடுத்துக்கொள்வார்கள் என்று பெரியோர் சிலர் அஞ்சுகின்றனர். இரு கட்சியாரிடத்தும் நியாயம் உண்டு என்பதே எமது துணிபு. அதனைச் சுருங்கச் சொல்லவே இன்று எழுந்துள்ளோம்.

இங்கே பேசப்படும் பயிற்சி, நாம் மிஷன் பாடசாலையிற் பழகிய டிரில் போன்றதன்று. டிரில் கைகாலை நீட்டி மடக்குவதோடு முடிந்துவிடும். இதுவோ பாரந் தூக்கல், தண்டால், பாய்தல், ஓட்டம் ஆகியவற்றை மணிக்கூட்டை வைத்துக்கொண்டு, பலர் ஒன்றுகூடி, மூச்சு வாங்க வாங்கச் செய்வது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிரெக் கிளாஸ்மன் என்பார் நிறுவிய 'குறொஸ்பிற்' இத்தகைய பயிற்சிகளுட் பெயர் பெற்றது. கைபேசியின் வழியாக இவை இன்று நெடுந்தீவு வாலிபரின் கண்ணுக்கும் எட்டிவிட்டன.

எம் முன்னோருக்கு இவை வேண்டியிருக்கவில்லை. பனை ஏறியவருக்கும், துலா மிதித்தவருக்கும், வள்ளம் தள்ளியவருக்கும், சாந்தின்றிக் கல்மேற் கல் அடுக்கி இத்தீவெங்கும் வேலி அமைத்தவருக்கும் தொழிலே தேகாப்பியாசம். இன்றோ நீர் இறைக்க இயந்திரம் உண்டு. ஓடித்திரிய மோட்டார் சைக்கிள் உண்டு. கல்வி கற்கும் நாமோ நாள் முழுவதும் கதிரையில் இருக்கின்றோம். உழைப்புக் குறைந்தது, உணவு குறையவில்லை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் பெருகியதில் வியப்பென்ன? வளர்ந்தோர் வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்போ, 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்போ செய்தல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்தது. கடுமையாகச் செய்வோருக்குப் பாதி நேரம் போதும் என்பதைக் கவனியுங்கள்.

இக்குறுகிய நேரத்தின் பயனை ஜப்பானியராகிய இசுமி தபாதாவும் அவர் குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. இருபது விநாடி முழு வேகத்திற் சைக்கிள் மிதித்தல், பத்து விநாடி ஓய்வு. இவ்வாறு ஏழெட்டு முறை. ஏறத்தாழ நான்கு நிமிடமே கொண்ட இப்பயிற்சியை முதன்மையாகக் கொண்டு ஆறு வாரம் பழகியோருக்குப் பிராணவாயுவைப் பயன்கொள்ளும் ஆற்றலும், மூச்சு முட்டும் வேகத்திற் தாங்கி நிற்கும் ஆற்றலும் ஒருங்கே உயர்ந்தன. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அவர்கள் ஏலவே விளையாட்டிற் பழகிய இளைஞர்.

இனி, கூடிச் செய்வதால் வரும் பயன் யாது? 1920களில் ஜெர்மனியில் ஒட்டோ கேலர் என்னும் உளநூலார், பெர்லின் நகரத்து வள்ளம் வலிக்கும் கழகத்தினரைப் பாரந் தூக்கச் செய்து பார்த்தார். தனியே தூக்கும்போது விரைவிற் கைசோர்ந்த மெலியவர், தம்மிலும் வலியவரோடு சேர்ந்து தூக்கியபோது கூடிய நேரம் தாங்கினர். 'என்னாற் கூட்டம் பின்னடையக் கூடாது' என்னும் எண்ணமே அதற்குக் காரணம். தனியே தொடங்கி மூன்றாம் நாளே கைவிடுவோர் கூட்டத்தோடு சேர்ந்து மாதக்கணக்காகப் பயில்வதும் இதனாலேயே.

அன்பர்களே! நன்மையின் வேர் எதுவோ, அதுவே தீமையின் வேருமாகும். நிறுத்து என்று உடம்பு சொல்லும்போதும் நிறுத்த விடாத வெட்கமும் அக்கூட்டத்திலேதான் பிறக்கின்றது. பழகாத தசையை அளவின்றி வருத்தினால் அதன் நார்கள் சிதைந்து, உள்ளிருக்கும் பொருள்கள் இரத்தத்திற் கலக்கின்றன. அவற்றை வடிகட்ட மாட்டாது சிறுநீரகம் திணறுகின்றது. 2011ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்து அமெரிக்கப் பாணி உதைபந்தாட்டக்காரர் 13 பேர், விடுமுறை கழிந்து வந்ததும் பாரஞ் சுமந்து நூறு முறை இருந்தெழும் பயிற்சியைச் செய்து, இந்நோயால் வைத்தியசாலை சேர்ந்தனர். அவர்கள் நோஞ்சான்கள் அல்லர், தேர்ந்த வீரர்கள். குறொஸ்பிற் நிறுவனத்தாரின் சஞ்சிகையே 2005இல் இந்நோயைப் பற்றி எச்சரித்து எழுதிற்று.

எமது நாட்டிலும் இதற்குத் துயரமான சான்று உண்டு. 1997இற் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் கற்க வந்த தமிழ் மாணவன் ஒருவன், கொடிய பகிடிவதையின் பின் சிறுநீரகம் செயலிழந்து மாண்டான். அதே ஆண்டில் அம்பாறை ஹார்டி நிறுவனத்து மாணவன் ஒருவனும், கடும் தேகப்பயிற்சி செய்யுமாறு வற்புறுத்தப்பட்டு, அவ்வாறே உயிர் துறந்தான். மறு ஆண்டிற் பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் பிறந்தது. அது கொடுமை; நாம் பேசுவது பயிற்சி. இரண்டும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும், ஏளனத்துக்கு அஞ்சி எழுந்ததா, கைதட்டலுக்கு மயங்கி எழுந்ததா என்பது தசைக்குத் தெரியாது. அது அறிவது பாரத்தை மட்டுமே.

தீவில் வாழும் நாம் இதனை மும்மடங்கு எண்ணுதல் வேண்டும். இங்கே வைத்தியசாலை உண்டு. எனினும் சிறுநீரகம் பழுதுற்றவன் யாழ்ப்பாணத்துக்கே போகவேண்டும். குறிகட்டுவானுக்குக் கடல்வழி ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதன்மேற் புங்குடுதீவு, வேலணை வழியாகத் தரைப்பயணம். சோழகக் காற்றிற் கடல் கொந்தளிக்கும் நாளில் நிலைமை என்னாகும்? நன்னீர் அருமையான இத்தீவின் வெயிலும் மற்றோர் ஆபத்து. உடல் வெப்பம் 40 பாகைக்கு மேல் ஏறி, புத்தி தடுமாறினால் அது உயிர்க்கு உலைவைக்கும். அப்பொழுது ஆளை நிழலிற் கிடத்தி, உடலெங்கும் நீரூற்றி விசிறிக்கொண்டே வைத்தியரை நாடுதல் வேண்டும்.

ஆதலாற் பயிற்சி வேண்டாம் என்பதோ எமது முடிவு? அன்று. தொடங்குக, முறையோடு தொடங்குக. முதற் சில வாரம் இயன்றதிற் பாதியே செய்க. காய்ச்சலாற் படுத்தவனும், நெடுநாள் விட்டவனும் மீண்டும் அடியிலிருந்து தொடங்குக. வெயில் தாழ்ந்த பின்னரே கூடுக. குடிநீரை ஒவ்வொருவரும் கொண்டுவருக. வலிமையில் ஒத்தவர்களை ஒரு தொகுதியாக வகுத்திடுக. நீரிழிவோ, இரத்த அழுத்தமோ, நெஞ்சு நோவோ உடையோர் வைத்தியரைக் கண்டபின் வருக. அடுத்த இரண்டொரு நாளில் தசை வீங்கித் தாங்கொணாது நோவெடுத்தாலோ, சிறுநீர் பால் கலவாத தேநீர் நிறமாகப் போனாலோ, நோவு மாத்திரை விழுங்கிவிட்டுப் படுத்திராது அன்றே வைத்தியசாலைக்கு விரைக. நடத்துபவன் முன்னே ஓடுபவனைப் புகழ்வது பெரிதன்று. பின்தங்குபவனின் முகத்தைப் பார்த்து 'தம்பி, இன்றைக்குப் போதும், இரு' என்று சொல்லத் தெரிந்தவனே நடத்தத் தகுந்தவன்.

தேர்த்திருவிழாவில் வடம் பிடிப்போரை நோக்குங்கள். வலிய வாலிபனும் பிடிக்கின்றான், முதியவரும் பிடிக்கின்றார், சிறுவனும் ஓடிவந்து கைவைக்கின்றான். இத்தனை இறாத்தல் இழுத்தாய் என்று எவரும் அளப்பதில்லை. களைத்தவர் கைவிட்டு ஒதுங்கினால் ஏசுவாருமில்லை. ஆயினும் தேர் வீதி சுற்றி இருப்பிடம் சேர்கின்றது. கூட்டத்தின் பலமும் அங்கே உண்டு. தனியொருவன் தன் அளவைத் தானே அறியும் உரிமையும் அங்கே உண்டு. எமது மைதானத்துக்கு வேண்டிய ஒழுங்கு அதுவேயாம்.

வாலிபர்களே! போதும் என்று சொல்பவனைப் பார்த்து நகையாதீர்கள். பெரியோர்களே! தடுக்காதீர்கள், மாலையில் வந்து மைதானத்தின் ஓரத்தில் இருந்து பாருங்கள். இயன்றவர்கள் கூட நடக்கவும் செய்யலாம். நீங்கள் பார்த்திருக்கும் இடத்தில் வாலிபர் அளவு மீறார்.